சொல்லிக்கொள்ளாமல்

ரயில்வே கேட் போட்டாகிவிட்டது. வாழைத்தார் ஏற்றிய மினி லாரிக்காரன் வளைவில் வண்டியை நிறுத்தி எவனிடமோ குடும்பக் கதை பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் அந்தப் பக்கம் போயிருக்கலாம். டாக்டர் கோமதிநாயகம் இரண்டு தடவை ஹாரன் அடித்தார், பிறகு ஐம்பத்தெட்டு வயதுக்கு அது அழகில்லை என்று நினைத்து இன்ஜினை அணைத்தார். மத்தியானம் ஒரு மணி. வைகாசி வெயில். சாரல் விழ இன்னும் இருபது நாள் கிடக்கிறது. செங்கோட்டைக்குப் போகிற வண்டி ஒன்று, அங்கிருந்து வருகிற வண்டி ஒன்று, இரண்டும் போன பிறகுதான் திறப்பான். நடுவில் ஒருதரம் திறந்து மூடினால் அவனுக்குக் கை தேய்ந்துவிடும். எப்படியும் அரைமணி. சரி, அரைமணி நேரம் யாரும் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருப்பது மட்டும் யாருக்குக் கிடைக்கிறது என்று சீட்டைச் சாய்த்துக்கொண்டு திரும்பினால், இடது பக்கம் மின்கம்பத்துக்கும் வேலிக்கும் நடுவே கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் அவரே நின்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கருணைக் கடல். வலி நீக்கும் வள்ளல். இறுதி மூச்சு வரை இதம் தரும் இதயம். உதட்டுக்கு எவனோ ரோஸ் கலர் ஏற்றியிருந்தான். பெயருக்குக் கீழே பிறந்த தேதியைப் போட்டு, பக்கத்தில் இன்னொரு தேதிக்கு இடம் விட்டமாதிரி ஒரு வெள்ளைக் கட்டம் கிடந்தது. இந்த ஊரில் ஒரு மனுஷனின் முகத்தைப் பெரிதாகப் போட்டால் ஒன்று காதுகுத்து, இல்லாவிட்டால் கண்ணீர் அஞ்சலி. இதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் ‘அடடா, எப்போ?’ என்று விசாரித்தார்களோ. வர்த்தகர் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து, “பன்னெண்டாம் தேதி பாராட்டு விழா வச்சிருக்கோம் சார், அன்னைக்குத்தான் மண்டபம் கெடச்சுது” என்று சால்வையை இப்போதே போர்த்திவிட்டவர்கள்போல் பணிவாகச் சொன்னார்கள். அவர்கள் போனதும் காலண்டரைப் பார்த்தார். அஷ்டமி. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நாய்கூட ஏறாது. மறுநாள் முகூர்த்தம் இருந்தால் எங்கே இவர் கால் பட்ட மேடையில் மணவறை போடவேண்டி வருமோ என்று மண்டபத்துக்காரர் யோசித்திருப்பார். யோசிக்கட்டும். கடலுக்கு நல்ல நாள் எதற்கு, கெட்ட நாள் எதற்கு?

பசித்தது. வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரியவில்லை, ஆனால் வாசலில் என்ன வார்த்தை காத்திருக்கிறது என்று தெரியும். லோகநாயகி கதவைத் திறக்க மாட்டாள். ஜன்னல் வழியாகவே, “குளிச்சிட்டு வாங்க” என்பாள். அவருக்கென்று கொல்லைப்பக்கம் ஒரு குளியலறை, அதற்குப் போகச் சுவரோரமாக ஒரு சந்து, கொடியில் ஒரு துண்டும் வேட்டியும். பதினேழு வருஷமாக, மழையானாலும் காய்ச்சலானாலும், சந்து வழியாகப் போய் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் தன் வீட்டுக்குள் நுழைகிறார். முதலில் கிருமிக்காக என்றாள். கிருமிக்கு டெட்டால் போதும் என்று அவர் சொன்னபோது, “ஒங்களுக்கு எல்லாம் வெளையாட்டு” என்று அழுதாள். அதற்குமுன் அவர் மயக்க மருந்து டாக்டர். ஆட்களைத் தூங்கவைத்து எழுப்பிவிடுகிற வேலை. அப்போது முன்வாசல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார். எழுப்பவேண்டிய அவசியமில்லாதவர்களிடம் போக ஆரம்பித்த பிறகுதான் சந்து. மகள் சுபாஷினிக்குப் பார்த்த முதல் இரண்டு வரனும் ஏன் தட்டிப்போனது என்று தரகர் சொல்லவே இல்லை, சமையல்காரர்தான் சொன்னார். கடைசியில் அவளே பெங்களூரில் ஒருவனைப் பார்த்துக்கொண்டாள், நல்லவேளை. பேரனுக்குப் பெயர் வைக்கிற அன்று சம்பந்தி அம்மாள் அவ்வளவு பதவிசாக, “நீங்க கொஞ்சம் லேட்டா வந்தாலும் ஒண்ணுமில்ல சம்பந்தி, ஒங்களுக்கு ஆயிரம் ஜோலி” என்றார். லேட்டாகத்தான் போனார். இலையில் பாயசம் ஆறிக்கிடந்தது. இவ்வளவும் நினைத்துப் பார்க்கிறவர்தான் கம்பத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார், ரோஸ் உதட்டோடு.

செல்போன் அடித்தது. ஜெபமணி சிஸ்டர். பதினொரு வருஷமாக அவரோடு வீடுவீடாக வருகிற நர்ஸ்; நாளைக்கு நாசரேத்தில் அண்ணன் மகள் கல்யாணம் என்று இரண்டு நாள் லீவு. பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தமும் யாரோ யாரையோ ஏலம் விடுவதுபோல் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. “சார், கண்டக்டரய்யா வீட்டுக்குப் போயிட்டு வந்தாச்சா? எப்படி இருக்காக?” “அப்படித்தான். மூச்சு விட்டு விட்டு வருது. கால் வீங்கிட்டுது.” “கர்த்தரே… என்னயக் கேட்டாகளா?” “கேட்டாரு. கல்யாணச் சாப்பாட்டுல ஒரு பிடி எனக்காகத் தின்னச் சொன்னாரு.” “நல்லவுக சார். சரி, வாரேன்னு சொல்லிக்கிட்டுத்தான வந்தீக? நான் இல்லேன்னா நீங்க பாட்டுக்கு நடந்துருவீகளே.” சும்மா கேலிக்குச் சொன்னாள், சிரித்துக்கொண்டே. “சொல்லாம என்ன?” என்றார் அவரும். அவள் வைத்துவிட்டாள். அவர் போனைக் கையில் வைத்தபடியே இருந்தார். சொன்னேனா?

சொல்லியிருப்பேன். யாராவது சொல்லாமல் வருவார்களா. பையை மூடினேன், எழுந்தேன், வாரேன் என்றேன். என்றேனா? ஐயம்பெருமாளிடம் சொல்லாமல் வரவே முடியாது, அவர் விடமாட்டார். முப்பத்தோரு வருஷம் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே பஸ்ஸில் நின்றபடியே வாழ்ந்த கண்டக்டர். கணையத்தில் புற்று வந்தது, பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பினார்கள். வலி எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லுங்கள் என்று முதல் நாள் கேட்டதற்கு, “நம்பரெல்லாம் எதுக்கு டாக்டர், ஸ்டாப் சொல்லுதேன்” என்றார். தென்காசி என்றால் வலியே இல்லை. பாவூர்சத்திரம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆலங்குளம் தாண்டினால் தூக்கம் போச்சு. பேட்டை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். திருநெல்வேலி ஜங்ஷன் என்று அவர் இதுவரை சொன்னதில்லை. நாலு மாதமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் போய் அந்த வண்டியைக் கிழக்கே போகவிடாமல் மேற்கே தள்ளிக்கொண்டு வந்து விடுவதுதான் அவருடைய வேலை. மார்ஃபின் மாத்திரை தள்ளும், இவர் கூட நிற்பார். புறப்படும்போது ஜெபமணி வாசலில் நின்று, “வாரோம் அய்யா” என்பாள். உள்ளேயிருந்து, பஸ்ஸின் முன்படிக்கும் பின்படிக்கும் சேர்த்துக் கேட்கிற குரலில், “போயிட்டு வாங்க டாக்டர்! செவ்வாக்கிழமை பாப்போம்!” என்று வரும். அதைக் கேட்பதற்காகவே செருப்பை மெதுவாகப் போடுவார், அது ஜெபமணிக்கும் தெரியாது. ஏனென்றால் இந்த ஊரில் வேறு யாரும் அவரிடம் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்வதில்லை. ‘சரிங்க டாக்டர்’ என்பார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள், காலில்கூட விழுவார்கள். திரும்ப வா என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். எப்படிச் சொல்வார்கள், அவர் வருகிற வீடு எதுவென்று தெரியாதா? அவருடைய கார் ஒரு தெருவில் நின்றால் அந்தத் தெருவில் பந்தல்காரனுக்கு விசாரிப்பு போய்விடும். அதனாலேயே இரண்டு தெரு தள்ளி, ரேஷன் கடைப் பக்கம் நிறுத்திவிட்டு, வட்டி வசூலிக்க வந்தவன்போல் ஓரமாக நடந்து போவார்.

ஜெபமணி சொல்வாள். அதுதானே. ‘வாரோம்’ என்று இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் சொல்வாள். அப்படியானால் நான் எப்போது கடைசியாகச் சொன்னேன்? கோமதிநாயகம் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தார். பீடிக்கடைக்காரர் மனைவி, அந்த ஓதுவார், இருபத்தாறு வயது டீச்சர் ஒருத்தி. எல்லா வாசலிலும் ஜெபமணியின் குரல்தான் கேட்கிறது. அவருடைய குரல் ஒரு வாசலிலும் இல்லை. இன்றைக்கு ஜெபமணி இல்லை. சரி, மறுபடியும் முதலிலிருந்து. பதினொன்றரைக்குப் போனேன். பிச்சம்மாள், அவர் சம்சாரம், மோர் கொடுத்தாள், வேண்டாமென்றேன். நாடி பார்த்தேன். கால் பார்த்தேன், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. மூக்கு நுனி கூராகிவிட்டது. மூச்சு வந்து, நின்று, யோசித்து, பிறகு வந்தது. நாலு நாள், மிஞ்சினால் ஆறு. இதில் அவருக்குத் தப்புவது கிடையாது. இந்த ஒரு கணக்கில்தான் அவர் நிபுணர், இதற்குத்தான் சால்வை. ஊசி போட்டார், பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். அப்போதுதான் ஐயம்பெருமாள், குரல் முக்கால்வாசி காற்றாகிப் போயிருந்தது, கேட்டார்: “டாக்டர், எம் மவன் திருமலைக்கு அடுத்த மாசக் கடைசிலதான் லீவாம். மஸ்கட்ல அவ்வளவு சீக்கிரம் விடமாட்டானாம். அப்பமே வரட்டும்னு சொல்லியிருக்கேன். சரிதான?”

சரிதானா என்று கேட்டார். பார்த்துக்கொண்டே கேட்டார். முப்பத்தோரு வருஷம் டிக்கெட் இல்லாத முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடித்த கண்கள் அவை. கோமதிநாயகம் வெளியூர்களில் இளம் டாக்டர்களுக்கு வகுப்பெடுக்கிறவர். நோயாளி தானாகக் கதவைத் திறக்கும்போது உள்ளே போங்கள், அது இன்னொரு தரம் திறக்காது என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறவர். கதவு திறந்து கிடந்தது. ‘சரியில்லை ஐயா, இன்றைக்கே வரச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி. அவர் நிமிர்ந்தால் கதவு நிலையில் பிச்சம்மாள் நிற்கிறாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. முதல் நாளே அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியவள். “வயித்துப் புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். காதுக்குப் போச்சுன்னா அன்னைக்கே படுத்துருவாக டாக்டர். சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.” சொல்ல மாட்டேன் என்றார். அப்புறம் அவளிடம் பேசி மனசைத் திருப்பலாம், வாரம் ஒன்றாகப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று திட்டம். எல்லா வீட்டிலும் இதே திட்டம். செவ்வாய் செவ்வாயாய் தள்ளிப்போட்டதில் நாலு மாதம் ஓடியது. இன்றைக்கு அவர் சரிதானா என்று கேட்க, கருணைக் கடல் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே, “பாத்துக்கிடலாம்” என்றது. பாத்துக்கிடலாம்! தாசில்தார் ஆபீஸில் சொல்கிற வார்த்தை. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் அவர்களைத் திட்டுகிறது, இவரும் சேர்ந்து திட்டுவார். அவர்களாவது விரித்தார்கள். இவர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பிறகு? அதுதான் வேண்டும், பிறகு என்ன. பாத்துக்கிடலாம் என்றேன். அவர் ‘ம்’ என்றார். பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது, நினைவிருக்கிறது. மேலே ஃபேன் கிறீச்சிட்டது, நினைவிருக்கிறது. பிச்சம்மாள் அடுக்களைக்குள் போய்விட்டாள். கட்டிலைப் பார்க்காமல் திரும்பினேன். வாசல், செருப்பு, இடது செருப்பு கவிழ்ந்து கிடந்ததைக் காலாலேயே நிமிர்த்தினேன். மூன்று படி. முற்றத்துக் குழாயில் கை கழுவினேன். கை மட்டுமா? காலில் ஈரம் இருந்ததே, நடக்கும்போது மண் ஒட்டியதே. காலையும் கழுவியிருக்கிறேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல், தெருவில் இறங்கி நடந்தேன். துட்டி வீட்டிலிருந்து வருகிற நடை அது. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனால் சொல்லிக்கொண்டு வரக் கூடாது. வாரேன் என்றால் மறுபடி ஒரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். எழுந்து, தலை குனிந்து, பேசாமல் வரவேண்டும். வாசலில் காலைக் கழுவவேண்டும். கோமதிநாயகம் அதைச் செய்திருக்கிறார். ஒன்றுவிடாமல் முறையாகச் செய்திருக்கிறார். கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போது.

ஐயம்பெருமாளும் ஒன்றும் சொல்லவில்லை. அது இப்போதுதான் டாக்டருக்கு உறைத்தது. ‘போயிட்டு வாங்க, செவ்வாக்கிழமை பாப்போம்’ வரவில்லை. வந்திருந்தால் காதில் இருக்கும். வீடு போய்ச் சேருகிறவரை இருக்கிற குரல் அது. இவர் ‘வாரேன்’ சொல்வார் என்று அவர் காத்திருந்திருக்க வேண்டும். ஜிப் மாட்டியபோது காத்திருப்பார். செருப்பை நிமிர்த்தியபோது. குழாயைத் திறந்த சத்தம் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்? சரிதானா என்று கேட்ட கேள்விக்குப் பதில் அப்போது வந்து சேர்ந்திருக்கும். நாலு மாதம் ஒரு வீடே வாயைப் பொத்திக்கொண்டு காப்பாற்றிய சமாசாரத்தை இவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொல்லி முடித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அழுதால் அழவிட்டுச் சொல்லவேண்டியதை. சே, அப்படியெல்லாம் இருக்காது. வலியில் இருக்கிற மனுஷன், மருந்து வேறு ஏறியிருக்கிறது, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்றா பார்த்துக்கொண்டிருப்பார்? கண்ணை மூடியிருப்பார். நாளைக்குப் போன் பண்ணி விசாரிக்கலாம். ஜெபமணி வந்ததும் அவளையே போகச் சொல்லலாம், அவளுக்கு இதெல்லாம் நன்றாக வரும். நாளை மறுநாள், வியாழக்கிழமை ஒரு நடை போய், தற்செயலாக வந்தமாதிரி. வியாழக்கிழமை. நாலு நாள் மிஞ்சினால் ஆறு என்று தானே கணித்துவிட்டு வியாழக்கிழமை என்கிறார் பாருங்கள். மஸ்கட்டிலிருந்து ஒருத்தன் கிளம்பி வந்து சேர இரண்டு நாள் வேண்டாமா? அவன் அடுத்த மாதக் கடைசிக்குத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

ரயில் வந்தது. ஃப்ளெக்ஸ் காற்றில் உப்பி, அவருடைய சிரிப்பு விரிந்து சுருங்கியது. பெட்டி பெட்டியாக ஜன்னல்கள் போயின, ஒரு கை தண்ணீர் பாட்டிலை வெளியே எறிந்தது. கடைசிப் பெட்டி போனதும் எல்லோரும் வண்டியை முறுக்கினார்கள், கேட் அசையவில்லை, எல்லோரும் திட்டிவிட்டு அணைத்தார்கள். பக்கத்தில் வந்து நின்ற மொபெட்டில் ஒரு கணவனும் மனைவியும். அந்தப் பெண் காருக்குள் பார்த்தாள், ஃப்ளெக்ஸைப் பார்த்தாள், மறுபடி காருக்குள் பார்த்தாள். புருஷன் காதில் ஏதோ சொன்னாள். அவன் வண்டியைக் காலால் உந்தி இரண்டு அடி முன்னால் நகர்த்திக்கொண்டான். கோபம்கூட வரவில்லை அவருக்கு. இவர்கள் செய்வதற்கும் அவர் இன்றைக்குச் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? உயிரோடு இருக்கிறவனைச் செத்தவனாக நடத்துகிறார்கள் என்று ஊரையும் லோகநாயகியையும் சம்பந்தி அம்மாளையும் மனசுக்குள் நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாரே, தினமும் சந்து வழியாகப் போகும்போதெல்லாம். ஒருநாள் அவரும் கட்டிலில் கிடப்பார், அது நிச்சயம். யாராவது வந்து நாடியைப் பார்ப்பார்கள். ஜிப் மாட்டும். முற்றத்தில் குழாய் திறக்கிற சத்தம் கேட்கும். அதை நினைத்ததும் மூச்சு ஒரு தடவை நின்று, பிறகு வந்தது. பயந்துபோய்த் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் ஓடியது, வெட்கமில்லாமல். ஓடட்டும். திரும்பிப் போகவேண்டும். போனால் பிச்சம்மாள் என்ன நினைப்பாள்? நினைக்கட்டும். எப்படிப் போவது, பின்னால் பஸ் முட்டிக்கொண்டு நிற்கிறது, வலது பக்கம் நாலு வரிசை பைக். கேட் திறந்ததும் அந்தப் பக்கம் போய்த் திருப்பிக்கொண்டு வந்தால், அதற்குள் மறுபடி போட்டுவிடுவான். இப்படியே இன்னும் ஐந்து நிமிஷம் யோசித்தால் நல்ல காரணம் ஒன்று கிடைத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. இன்ஜினைக் கிளப்பி, காரை இடது பக்கம் ஒடித்து, மண்ணில் இறக்கி, ஃப்ளெக்ஸின் காலடியில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

நடந்தார். பை கனத்தது. பின்னால் இரண்டாவது வண்டியும் போய்க் கேட் திறந்துவிட்டது போலிருக்கிறது, ஹாரன்களெல்லாம் சேர்ந்து அலறின, “யாருலே இது, காரை மூக்க நீட்டிப் போட்டுட்டுப் போனது?” என்று ஒரு குரல், “ஃப்ளெக்ஸ்ல இருக்காரே அந்தாளுதான்” என்று இன்னொரு குரல். பதினைந்து நிமிஷ நடை. என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். ஐயா, நான் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டேன். அது அசதியில் நடந்தது, நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது, சரியாகத்தானே எடுத்துக்கொண்டிருப்பார். ஐயா, திருமலையை இன்றைக்கே வரச் சொல்லுங்கள். இதுதான். இதை முதலில் சொல்லவேண்டும், உட்காருவதற்கு முன்னால், பிச்சம்மாள் நிலையில் நின்றாலும் நிற்காவிட்டாலும். ரேஷன் கடையைத் தாண்டும்போது முதுகெல்லாம் நனைந்திருந்தது. முதல் தடவையாக ஓரமாக ஒதுங்காமல் தெருவின் நடுவில் நடந்து வந்திருக்கிறார் என்பதை வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தார்.

பிச்சம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். “என்னா டாக்டர், எதும் விட்டுப்போச்சா?” என்றவள் அவர் பதில் சொல்லுமுன் கிட்டே வந்து குரலை இறக்கினாள். “நீங்க அங்குட்டு எறங்குனதும் போனை எடுன்னாக. திருமலைகிட்ட அவுகளே பேசுனாக. இன்னைக்கே கெளம்பி வாலே, லீவு தரலேன்னா வேலைய விட்டுட்டு வாலேன்னுட்டாக. நான் அடுக்களைல நிக்கும்போது அவுககிட்ட எதும் சொன்னீகளா? சொல்ல மாட்டேன்னு சொன்னீகளே டாக்டர்.”

“நான் ஒண்ணுமே சொல்லல பிச்சம்மா.”

நாலு மாதத்தில் அந்த வீட்டில் அவர் பேசிய முழு உண்மை அது ஒன்றுதான்.

உள்ளே கட்டில் அப்படியே இருந்தது, ஃபேன் கிறீச்சிட்டது. ஐயம்பெருமாள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார். “என்ன டாக்டர், எறங்குற ஸ்டாப்ப விட்டுட்டீகளா?”

“திருமலைய…” என்று ஆரம்பித்தார்.

“வாரான். சொல்லியாச்சு.” மூச்சு வாங்கியது. நின்றது. வந்தது. “உக்காருங்க. வேர்த்துக் கெடக்கீக.”

உட்கார்ந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் பாதி செல்லாததாகிவிட்டது. மீதியைச் சொன்னார். “நான் வாரேன்னு சொல்லிக்கிடாம போயிட்டேன், அய்யா.”

ஐயம்பெருமாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பின்படியில் தொங்குகிற பையனை உள்ளே வரச் சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக, “யாரு சொன்னா? சொல்லிட்டுத்தான போனீக. எனக்குக் கேட்டுது. நானும் போயிட்டு வாங்கன்னு சொன்னேம்லா. ஒங்களுக்குத்தான் வெயில்ல காது அடச்சிருக்கும்” என்றார்.

எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேருக்குக் கோமதிநாயகம் இதமாகப் பேசியிருக்கிறார், ஒருதரம்கூட இவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னதில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். விரல்கள் குளிர்ந்திருந்தன. “வலி எங்க நிக்கி?” என்று கேட்டார். “பாவூர்சத்திரம்தான்” என்றார் ஐயம்பெருமாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. இன்னொரு ஊசி எடுத்தார், போட்டார். நெற்றிச் சுருக்கம் தளர்கிறவரை கூட இருந்தார். பிச்சம்மாள் மோர் கொண்டுவந்தாள், வாங்கிக் குடித்தார்.

எழுந்தார். பையைப் பார்த்து மூடினார், ஜிப் ஒழுங்காகப் போனது. வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். “வாரேன் அய்யா.”

“போயிட்டு வாங்க டாக்டர்.”

மற்றச் செருப்பைப் போடாமல் அவர் நின்றார். ஃபேன் சுற்றியது. ‘செவ்வாக்கிழமை பாப்போம்’ வரும், மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வார் என்று நின்றார். பிச்சம்மாள்கூட உள்ளே திரும்பிப் பார்த்தாள். ஐயம்பெருமாள் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தார்.